ஒரு பிரிவு, மூன்று வினாக்கள்: இந்தியாவிலும் மலேசியாவிலும் போதைப்பொருள் வழக்குகளில் பிணை

முன்னுரை

ஜாமீன் என்னும் சொல் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் பொதுவானது. பொறுப்பேற்பவனைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே தமிழகக் கச்சேரிகளில் புகுந்து ஜாமீன் ஆயிற்று. அதே சொல் வேறொரு வழியில் மலாய் மொழியை அடைந்து ஜாமின் ஆயிற்று. எனவே தஞ்சோங் மாலிமிலோ தாப்பாவிலோ நீதிமன்ற வாயிலில் நிற்கும் தோட்டத் தமிழர் ஒருவர், "பையனுக்கு ஜாமீன் கிடைக்குமா?" என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. அவர் கேட்பது எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. அதற்குக் கிடைக்கும் விடைதான் அவருக்கு விளங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் திருட்டு வழக்கில் அன்றே பிணையில் வந்துவிட்டானே, கஞ்சா வைத்திருந்த தம் மகனுக்கு மட்டும் ஏன் இல்லை? தமிழ்நாட்டில் உறவினர் ஒருவர் ஒரு கிலோ கஞ்சா வழக்கிலும் வெளியே வந்தாரே, இங்கு ஐம்பது கிராமுக்கு ஏன் வழியில்லை?

இவ்வினாக்களுக்குரிய விடை சட்டப் புத்தகத்தில் மட்டுமன்றி வரலாற்றிலும் உள்ளது. இந்தியாவின் பிணைச் சட்டமும் மலேசியாவின் பிணைச் சட்டமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. போதைப்பொருள் வழக்குகளில் அவ்விரு கிளைகளும் வெட்டப்பட்ட விதம் வேறு. வெட்டிய பின் தளிர்த்த விதமும் வேறு. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வழக்கில் சிக்கியவர்க்கு ஆலோசனை கூறுவது நம் பணியன்று, அது வழக்கறிஞர்க்குரியது.

இந்தியச் சட்டம் பேராக்கு வந்த வழி

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டன. ஆட்சிப் பிரிவினைக்குப் பின்னும் சட்ட உறவு அறுபடவில்லை. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டம் 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டமாக வடிவெடுத்தது. இந்தியக் குற்ற நடைமுறைச் சட்டம் 1861இல் முதன்முதலாக இயற்றப்பட்டது. 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் அவ்வாறே கடல் கடந்தது.

பேராக் 1874ஆம் ஆண்டுப் பங்கோர் ஒப்பந்தத்தின் வழி பிரிட்டிஷ் ஆலோசகரை ஏற்றது. 1896இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் ஒன்றாயிற்று. அங்கே புதிதாக ஒரு சட்டத்தைச் சிந்தித்து எழுத எவருக்கும் நேரமோ நாட்டமோ இருந்ததாகத் தெரியவில்லை. இந்திய நூல் கையருகே இருந்தது; இந்தியத் தீர்ப்புகளைப் படித்துப் பழகிய அதிகாரிகளும் இருந்தனர். 1935ஆம் ஆண்டின் திருத்தத் தொகுப்பில் ஆறாம் அதிகாரமாக அமைந்த கூட்டு மாநிலங்களின் குற்ற நடைமுறைச் சட்டம், 1976இல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. அதுவே இன்று 593ஆம் சட்டம் என வழங்குகிறது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் சஞ்சிக்கூலிகளையும் கங்காணிக் கூலிகளையும் விசாரித்த சட்டமே இன்றைய மலேசியர் அனைவரையும் விசாரிக்கிறது.

இந்திய 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 497ஆம் பிரிவையும் மலேசியச் சட்டத்தின் 388ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படிப்போர் இரண்டும் உடன்பிறந்தவை என்பதை உடனே உணர்வர். பிணையில் விடத்தகாத குற்றம் சுமத்தப்பட்டவரையும் நீதிமன்றம் பிணையில் விடலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றத்தை அவர் செய்திருக்கிறார் என நம்புவதற்கு நியாயமான காரணங்கள் தோன்றினால் விடலாகாது. அப்போதும் அவர் பதினாறு வயதுக்குட்பட்டவராகவோ பெண்ணாகவோ நோயுற்றவராகவோ நலிந்தவராகவோ இருப்பின் நீதிமன்றம் விரும்பினால் விடலாம். இதுவே இரண்டின் சாரம். இந்தியாவில் இப்பிரிவு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 437ஆம் பிரிவாகவும், 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 480ஆம் பிரிவாகவும் எண் மாறியுள்ளது.

இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது, இப்பழைய பிரிவு நீதிபதியிடம் கேட்கும் வினா. "இவர் குற்றம் செய்தார் என நம்பக் காரணம் உண்டா?" என்பதே அது. காரணம் தெளிவாக இல்லையெனில் அவர் வெளியே செல்லலாம். ஐயத்தின் பயன் சிறைப்பட்டவர் பக்கம் நிற்கிறது. குடியேற்ற ஆட்சியாளர் இயற்றிய சட்டம்தான். ஆயினும் இவ்வளவு இடம் அதில் இருந்தது.

வருமானமாக இருந்த காலம்

போதைப்பொருளும் பிணை மறுப்பும் சேர்ந்தே பிறந்தவை என எண்ணுதல் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபினி குற்றப் பொருளன்று. அரசின் வருவாய்ப் பொருள். இந்தியாவில் 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்கள் அரசின் ஏகபோகத்தைக் காக்க எழுந்தவை. நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்தே வந்தது. பேராக் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் புகைத்த சண்டுவுக்குக் குத்தகையும் உரிமமும் இருந்தன. உரிமமின்றி விற்றவனே குற்றவாளி. அவன் செய்தது அரசுக்கு வரவேண்டிய பணத்தைத் தடுத்தது. அத்தகையவனைப் பிணையில் விடுவதற்கு எவரும் அஞ்சவில்லை.

கஞ்சாவைப் பொறுத்தவரை இந்திய அரசு அமைத்த கஞ்சாப் பொருள் ஆணையம் 1893-94இல் விரிவாக விசாரணை நடத்தியது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு விளைவதில்லை என்னும் முடிவுக்கே அது வந்தது. முழுத் தடையை அது பரிந்துரைக்கவில்லை. தோட்டங்களில் குடி கெடுத்த பொருள் பெரிதும் கள்ளே. கள்ளுக்கடையைத் தோட்ட நிருவாகமே நடத்தியதும், 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடுக என்பது கோரிக்கைகளுள் ஒன்றாக எழுந்ததும் நாம் அறிந்தவையே. அக்கோரிக்கையை எழுப்பியோர்மீது ஆட்சி துப்பாக்கியைத் திருப்பியது; கள்ளை விற்றவர்மீது அன்று.

உலக அரங்கில் 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இந்தியாவில் 1930இல் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தது. 1943 நவம்பர் 10ஆம் நாள், தான் மீட்கவிருக்கும் கிழக்காசியப் பகுதிகளில் அபினி ஏகபோகம் மீண்டும் நிறுவப்படாது என இலண்டன் அறிவித்தது. 1946இல் மலாயாவில் அபினி முற்றாகத் தடை செய்யப்பட்டது. நேற்று வரை அரசுக் கடையில் வாங்கிப் புகைத்தவன் இன்று குற்றவாளி ஆனான். ஆயினும் அவனுக்குரிய பிணை இன்னும் பழைய 388ஆம் பிரிவின்படியே இருந்தது.

1952: ஓர் ஊர், இரு சட்டங்கள்

மலாயாக் கூட்டரசின் அபாயகர மருந்துகள் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. பின்னர் 1980இல் திருத்தியமைக்கப்பட்டு 234ஆம் சட்டம் என எண் பெற்றது. இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே. இந்த 1952ஆம் ஆண்டு தஞ்சோங் மாலிம் மக்களுக்கு வேறொரு காரணத்தால் மறக்கவியலாதது. அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் ஊருக்கு அருகே, குடிநீர்க் குழாயைச் செப்பனிடச் சென்ற குழுவினர் கம்யூனிஸ்டுப் போராளிகளின் பதுங்குத் தாக்குதலுக்கு ஆளாயினர். துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர் உட்படப் பன்னிருவர் மாண்டனர். ஓரிரு நாளில் உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர்மக்கள் தகவல் தரவில்லை எனக் கடிந்து, நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கை விதித்தார். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். வீடுதோறும் வினாத்தாள் கொடுக்கப்பட்டு விடைகள் பூட்டிய பெட்டியில் திரட்டப்பட்டன. ஏறத்தாழ இரு வாரங்களுக்குப் பின்னரே கட்டுப்பாடு தளர்ந்தது.

அந்த ஊரடங்குக்கும் அபாயகர மருந்துகள் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆண்டு ஒன்றானது தற்செயலே. எனினும் அவசரகாலம் (1948-1960) இந்நாட்டுச் சட்டச் சிந்தனையில் ஒரு பழக்கத்தை ஊன்றியது என்பது நம் கருத்து. குற்றம் மெய்ப்பிக்கப்படும்முன் ஒருவரை, சில வேளை ஓர் ஊரையே, அடைத்து வைப்பது நிருவாகத்துக்கு எளிதான வழி என்னும் பழக்கம் அது. காட்டில் போர் ஓய்ந்த பின்னும் பழக்கம் ஓயவில்லை. 1983 பிப்ரவரியில் போதைப்பொருளை நாட்டுப் பாதுகாப்புக்கு முதன்மையான மிரட்டல் எனப் பிரதமர் மகாதீர் அறிவித்தபோது, அவசரகாலச் சொற்களே புதிய எதிரிக்கு உரியவாயின. அவ்வாண்டே போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமாயிற்று. 1985இல் வந்த சிறப்புத் தடுப்பு நடவடிக்கைச் சட்டம், கடத்தலில் தொடர்புடையவர் எனக் கருதப்படுபவரை விசாரணையின்றி ஈராண்டு வரை காவலில் வைக்க வழி வகுத்தது.

இந்தியா: தலைகீழான வினா

அதே 1985ஆம் ஆண்டில் இந்தியாவும் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை நிறைவேற்றியது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கை கஞ்சாப் பழக்கத்தை ஒழிக்க நாடுகளுக்கு 25 ஆண்டுத் தவணை தந்திருந்தது. அது முடியும் தறுவாயில் இருந்தது. 1985 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட வரைவு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்துவிட்டது. இத்துணை விரைவு அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அரிது. அபினி, ஹெராயின் போன்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு. தெருவில் புகைக்கும் அடிமையையும் கிடங்கு வைத்து விற்கும் வணிகனையும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிறுத்திய சட்டம் அது. சொந்தப் பயன்பாட்டுக்குரிய சிறிய அளவுதான் என்பதை அடிமையே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

பிணையில் பெருமாற்றம் வந்தது 1989 மே மாதத்தில். அப்போது புதிதாக அமைந்த 37ஆம் பிரிவு, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் இரு நிபந்தனைகளை விதித்தது. அரசு வழக்கறிஞருக்கு எதிர்த்து வாதிட வாய்ப்பளிக்க வேண்டும். அவர் எதிர்த்தால், குற்றஞ்சாட்டப்பட்டவர் அக்குற்றத்தைச் செய்யவில்லை என நம்ப நியாயமான காரணங்கள் உள்ளன என்பதிலும், பிணையில் இருக்கும்போது அவர் வேறு குற்றம் செய்யமாட்டார் என்பதிலும் நீதிமன்றம் நிறைவு காண வேண்டும்.

பழைய பிரிவோடு இதனை ஒப்பிடுக. 'செய்தார் என நம்பக் காரணம் உண்டா' என்பது 'செய்யவில்லை என நம்பக் காரணம் உண்டா' என மாறிவிட்டது. ஓர் எதிர்மறை இடம் மாறியதால் ஐயத்தின் பயனும் இடம் மாறிற்று. இன்னும் சாட்சி விசாரிக்கப்படவில்லை. இரசாயன ஆய்வறிக்கைகூடச் சில வேளை வந்திராது. அந்நிலையில் 'செய்யவில்லை' என நம்ப எங்கிருந்து காரணம் கிடைக்கும்? நடைமுறையில் அது சோதனை நடத்திய முறையிலிருந்தே கிடைத்தது. ஒருவரின் உடலைச் சோதிக்கும்முன், உயரதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்பதை அறிவிக்க வேண்டும் என்கிறது 50ஆம் பிரிவு. 1999இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு இதனை வலியுறுத்தியது. எனவே பிணை மனு விசாரணை என்பது, சோதனை எத்தனை மணிக்கு நடந்தது, யார் உடனிருந்தார், மாதிரியை யார் முத்திரையிட்டார் என்னும் சிறு வழக்காகவே மாறிப்போனது. திறமையான வழக்கறிஞரை வைக்க முடிந்தவர்க்கு இது உதவிற்று. மற்றவர்க்கு உதவியது மிகக் குறைவு.

மற்றவர்கள் சிறைகளில் தேங்கினர். 1994இல், விசாரணைக் கைதிகளின் சார்பாக உச்ச நீதிமன்றச் சட்ட உதவிக் குழு தொடுத்த வழக்கில் நீதிமன்றம் கணக்குப் போட்டே விடுதலைக்கு வழி சொன்னது. ஐந்தாண்டு அல்லது அதற்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமாயின் அதில் பாதிக் காலம் சிறையில் கழிந்திருந்தால் பிணை. குறைந்தபட்சம் பத்தாண்டுக்குரிய குற்றமாயின் ஐந்தாண்டு கழிந்திருந்தால் ஓர் இலட்ச ரூபாய்க்கு இரு பிணையாளிகளுடன் பிணை. விசாரணையே தொடங்காமல் ஐந்தாண்டு கழித்தவர்கள் அந்நாட்டுச் சிறைகளில் இருந்தனர் என்பதற்கு இத்தீர்ப்பே சான்று. அவர்களுள் ஒருவர் இறுதியில் விடுதலையாகியிருந்தால் அந்த ஐந்தாண்டை யார் திருப்பித் தந்திருப்பர்?

2001 அக்டோபரில் வந்த திருத்தம் பொருளின் அளவை மூன்றாக வகுத்தது: சிறிய அளவு, இடைநிலை அளவு, வணிக அளவு. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. ஹெராயினில் 5 கிராமும் 250 கிராமும் எல்லைகள். 37ஆம் பிரிவின் கடுமை வணிக அளவுக்கும் வேறு சில பெருங்குற்றங்களுக்கும் மட்டுமே என வரையறுக்கப்பட்டது. ஏனையோர்க்குப் பழைய வினா மீண்டும் உயிர் பெற்றது. முன்னுரையில் கண்ட, ஒரு கிலோ வழக்கில் வெளியே வந்த உறவினருக்கு உதவியது இத்திருத்தமே.

வணிக அளவு வழக்குகளிலும் இரு கதவுகள் திறந்தன. ஒன்று, புலன்விசாரணைக்குரிய காலக்கெடு. பொதுவான குற்றங்களில் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடில் பிணை உரிமையாகிவிடும். போதைப்பொருள் வணிக அளவில் அது 180 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் ஓராண்டு. அதுவும் கடந்தால் 37ஆம் பிரிவால் தடுக்க முடியாது. மற்றொன்று தமிழகத்தில் தோன்றிய வழக்கு. சென்னையில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் பதிவு செய்த வழக்கிலிருந்து எழுந்த தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் மேல்முறையீட்டில், 2020 அக்டோபர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இச்சட்டத்தின்படி அதிகாரிகளிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது தீர்ப்பு. கையில் எதுவும் கிடைக்காமல், மற்றொருவர் சொன்ன பெயருக்காகவே சிறையிலிருந்தோர்க்கு அன்று முதல் ஒரு பிடி கிடைத்தது.

2023 மார்ச்சில் முகமது முஸ்லிம் வழக்கில், ஏழாண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர்க்குப் பிணை வழங்கிய உச்ச நீதிமன்றம், விசாரணை அளவுமீறி நீளுமாயின் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்காது எனத் தெளிவாக்கியது. இவ்வாறு சட்டமன்றம் தலைகீழாக்கிய வினாவை நீதிமன்றங்கள் சிறுகச் சிறுக நிமிர்த்தி வருகின்றன எனலாம். ஆயினும் இந்தியச் சட்டத்தை வானளாவப் புகழ்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு முதல் குண்டர் சட்டம் எனப் பேச்சு வழக்கில் குறிக்கப்படும் தடுப்புக் காவல் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்குகிறது. நீதிமன்றம் ஒரு கையால் பிணை தர, நிருவாகம் மறு கையால் மீண்டும் அடைக்கும் வாய்ப்பு அங்கும் உண்டு.

மலேசியா: கேட்கப்படாத வினா

234ஆம் சட்டத்தின் 41பி பிரிவு சுருக்கமானது. மரண தண்டனைக்குரிய குற்றமாயின் பிணை கிடையாது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றமாயினும் பிணை கிடையாது. ஐந்தாண்டு அல்லது அதற்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமாயின், பிணை வழங்குவது பொதுநலனுக்கு உகந்ததன்று என அரசு வழக்குநர் எழுத்தில் சான்றளித்தால் கிடையாது. முதலிரு நிலைகளில் நீதிபதியிடம் எந்த வினாவும் கேட்கப்படுவதில்லை. மூன்றாம் நிலையில் வினா கேட்கப்படுகிறது. ஆனால் நீதிபதியிடம் அன்று, வழக்கைத் தொடுப்பவரிடமே. 388ஆம் பிரிவில் பெண்ணுக்கும் நோயாளிக்கும் இருந்த சலுகை இங்குச் செல்லாது என 1982இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அளவுகளைப் பார்ப்போம். கஞ்சா 50 கிராமும் மேலும் இருப்பின் ஆயுள் தண்டனை அல்லது ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை, பத்துக்குக் குறையாத பிரம்படி. எனவே பிணை இல்லை. 200 கிராம் இருப்பின் கடத்தல் என்றே ஊகிக்கப்படும். ஹெராயினில் இவ்வெல்லைகள் 5 கிராமும் 15 கிராமும். இந்தியாவில் 'சிறிய அளவு' எனப்படும் ஒரு கிலோ கஞ்சா இங்கு, கடத்தல் ஊகத்துக்குரிய அளவைப் போல் ஐந்து மடங்கு. உடன்பிறந்த இரு சட்டங்கள் இத்துணை தொலைவு விலகியமைக்குச் சட்ட நுணுக்கம் காரணமன்று. எண்பதுகளின் அரசியலே காரணம்.

இன்னொரு வேறுபாடு அதிகம் பேசப்படுவதில்லை. மலேசியாவில் புலன்விசாரணைக் காவல் குறுகியது. 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி 117ஆம் பிரிவு அதற்கு அளிக்கும் உச்சம் ஏழு அல்லது பதினான்கு நாள். அதற்குள் குற்றம் சாட்டிவிடுவர். இது நல்லதுபோல் தோன்றும். ஆனால் குற்றம் சாட்டிய பின் இரசாயனத் துறையின் அறிக்கைக்காக வழக்கு மாதக் கணக்கில் ஒத்திவைக்கப்படும். இந்தியாவில் காலக்கெடு கடந்தால் பிணை உரிமையாகிறது. இங்கு அத்தகைய கெடு இல்லை. பிடிபட்ட பொருள் உண்மையிலேயே ஹெராயின்தானா, அது எத்தனை கிராம் என்பது உறுதியாகாமலேயே, அந்த எடையை அடிப்படையாகக் கொண்டு ஒருவர் சிறையில் காத்திருக்கிறார். ஆய்வறிக்கையில் தூய ஹெராயினின் எடை குறைந்து வந்து, குற்றச்சாட்டே சிறிய பிரிவுக்கு மாறுவதும் உண்டு. அதுவரை கழிந்த மாதங்கள் கழிந்தவையே.

மலேசிய நீதிமன்றங்கள் இச்சட்டத்தைத் தொடாமல் விட்டன என்பதற்கில்லை. ஓர் ஊகத்தின்மேல் மற்றோர் ஊகத்தை ஏற்றிய 37ஏ பிரிவு அரசியலமைப்பின் 5, 8ஆம் விதிகளுக்கு முரணானது என 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்தது. கட்டாய மரண தண்டனையும் 2018இல் சற்றே தளர்ந்து, 2023 ஜூலையில் முற்றாக நீங்கிற்று. தண்டனையில் நீதிபதிக்குத் தெரிவு திரும்பி வந்துவிட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரை எவ்வளவு தண்டிப்பது என ஆராயலாம் என்றால், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரை வெளியே விடலாமா என ஆராயக்கூடாது என்பது எவ்வகையில் பொருந்தும்? நமக்கு விளங்கவில்லை.

பிணையாளி எங்கே?

பிணை கிடைக்கக்கூடிய வழக்குகளிலும் மற்றொரு தடை நிற்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் பிணை, புணை ஆகிய சொற்கள் பொறுப்பேற்கும் ஆளையே குறித்தன. பணம் அன்று, ஆள். இன்று ஆளும் வேண்டும், பணமும் வேண்டும்.

தஞ்சோங் மாலிம் வட்டாரத்தைச் சான்றாகக் கொள்வோம். கட்டோயாங் முதலிய தோட்டங்களில் மூன்று தலைமுறை பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு லயன் வீடு நிருவாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. ஐம்பது, அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டபோதும் இம்மக்கள் கையில் நிலப்பட்டா ஏதுமின்றியே வெளியேறினர். நீதிமன்றம் கேட்கும் பிணையாளி குடியுரிமை பெற்றவராக, வருமானமோ சேமிப்போ உடையவராக இருக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்திய தந்தை தம் மகனுக்குப் பிணை நிற்க எழுந்தால், அவரது அட்டையின் நிறமே அவரை உட்கார வைத்துவிடும்.

இதோடு எல்லைச் சிக்கலும் உண்டு. சுங்கை பெர்ணம் ஊரை ஒட்டி ஓடுகிறது. இக்கரை பேராக், அக்கரை சிலாங்கூர். 2016இல் முவாலிம் தனி மாவட்டமாகும்வரை தஞ்சோங் மாலிம் பத்தாங் பாடாங் மாவட்டத்தில் அடங்கியது, தலைமையிடம் தாப்பா. அக்கரையில் பிடிபட்டவர்க்குத் தலைமையிடம் கோல குபு பாரு. ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகள் இரு கரைகளில் பிடிபட்டால் தாய் இரு திசைகளில் பேருந்து ஏற வேண்டும்.

இத்தகைய நிலையை இந்திய உச்ச நீதிமன்றம் 1978இலேயே நேர்கொண்டது. மத்தியப் பிரதேசத்தில் கொத்தனார் ஒருவர்க்குப் பிணை கிடைத்தும், கேட்ட தொகை பெரிதாக இருந்தது. வேறு மாவட்டத்தில் வாழும் அவர் உடன்பிறந்தார் பிணை நிற்கவும் கீழ்நீதிமன்றம் ஒப்பவில்லை. மோதி ராம் வழக்கு எனப்படும் அதில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அத்தடையைத் தகர்த்தார். ஏழைக்கு எட்டாத பிணை, மறுக்கப்பட்ட பிணையே என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. மலேசியச் சட்டத்தின் 389ஆம் பிரிவும் பிணைத்தொகை அளவுக்கு மீறியதாக இருத்தல் கூடாது என்கிறது; உயர்நீதிமன்றம் அதனைக் குறைக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும். 2012 முதல் இயங்கிவரும் தேசியச் சட்ட உதவி அறவாரியம் கைது, காவல், பிணை ஆகிய கட்டங்களில் வசதியற்ற குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அளிக்கிறது. இதனை அறிந்த குடும்பங்கள் நம் பார்வையில் இன்னும் குறைவே. கோயில் திருவிழாக்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் சொல்லத்தக்க செய்தி இது.

இறுதியாக ஒரு சொல்லாட்சி பற்றிக் கூற வேண்டும். போதைப்பொருள் வழக்குச் செய்திகளைத் தரும் நம் தமிழ் நாளேடுகள், 'நீதிபதி ஜாமீன் மறுத்தார்' எனப் பெரும்பாலும் எழுதுகின்றன. படிப்பவர், நீதிபதி இருதரப்பையும் கேட்டு, இவன் வெளியே வரத் தகுதியற்றவன் என முடிவு செய்துவிட்டார் எனக் கொள்கின்றனர். அண்டை அயலார் அப்பையனைக் குற்றவாளியாகவே எண்ணத் தொடங்குகின்றனர். சென்னையிலோ மதுரையிலோ உள்ள சிறப்பு நீதிமன்றச் செய்தியாயின் அவ்வாறு எழுதுவது பொருந்தும். அங்கு நீதிபதி மறுத்திருக்கிறார். தாப்பாவிலோ ஈப்போவிலோ 41பி பிரிவின்கீழ் வந்த வழக்காயின் அவர் மறுக்கவில்லை. அவரிடம் எவரும் கேட்கவில்லை. 'இக்குற்றத்துக்குச் சட்டத்தில் ஜாமீன் இல்லை' என்று எழுதுவதே சரி.